பூவுக்கு முன்னே புனல்: ஒட்டாவா பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் பிள்ளைகள் வேலையிலும் படிப்பிலும் இருக்கும் குடும்பங்களிலிருந்து, மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அங்கே செல்வது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. அந்நகரில் பல வசந்தங்களைக் கண்டவன் என்ற முறையில், ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகள் ஒட்டாவாவில் வசிக்கிறாள். மார்ச் இறுதியில் விமானக் கட்டணம் குறைவாக இருப்பதால் அப்போதே வரச் சொல்கிறாள். அது வசந்த காலம்தானே? அந்நகரின் டூலிப் மலர்கள் புகழ்பெற்றவை என்று படித்திருக்கிறேன். அவற்றைப் பார்க்க முடியுமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மதுரை*

பதில்: நாட்காட்டியின்படி மார்ச் 20ஆம் தேதியை ஒட்டி அங்கே வசந்தம் பிறந்துவிடுகிறது, ஆனால் ஒட்டாவா நகரம் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. நாம் இளவேனில் என்று சொன்னதும் மாந்தளிரும் குயிலும் வேப்பம்பூவும் மனத்தில் எழுகின்றன. அங்கே மார்ச் கடைசியில் மரங்கள் மொட்டையாகவும், புல் வைக்கோல் நிறத்திலும், சாலையோரங்களில் குளிர்காலம் முழுவதும் ஒதுக்கிக் குவித்த பனி அழுக்கேறிக் கறுத்தும் கிடக்கும். மார்ச் மாதத்தில் பகல் வெப்பநிலை சராசரியாக இரண்டு மூன்று டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஏப்ரலில் பகல் வெப்பநிலை பத்து டிகிரியை எட்டத் தொடங்கினாலும், ஒரு நாள் வெயிலும் மறுநாள் பனிப்பொழிவும் வருவது அங்கே யாருக்கும் வியப்பில்லை.

டூலிப் மலர்களைப் பார்க்க வேண்டுமானால் மே மாதத்தில்தான் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தின் இளவரசி யூலியானா ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1943 ஜனவரியில் அவருடைய மகள் மார்கிரீட் அந்நகரத்து மருத்துவமனையில் பிறந்தார். போர் முடிந்த 1945இல், அந்த உதவிக்கும் நெதர்லாந்தின் விடுதலைக்காகப் போரிட்ட கனடியப் படையினருக்கும் நன்றியாக ஒரு லட்சம் டூலிப் கிழங்குகள் அனுப்பப்பட்டன. அன்பளிப்பாகக் கிழங்குகள் வருவது இன்றும் தொடர்கிறது. 1953 முதல் மே மாதத்தில் திருவிழாவும் நடக்கிறது. நீங்கள் செல்லும் நாட்களில் அந்தக் கிழங்குகள் மண்ணுக்குள் இருக்கும். மிஞ்சினால் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சை முளை தெரியலாம்.

பூக்கள்தான் குறிக்கோள் என்றால் மே 10ஆம் தேதியை ஒட்டிப் பயணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்; கட்டணம் கூடினாலும் அதுவே சரி. ஆனால் பனிக்கட்டி மூடிக் கிடந்த ஆறுகள் திறந்துகொள்வதைப் பார்க்கும் ஆவல் உங்களுக்கு இருந்தால், மகள் சொன்ன நாட்களே மேலானவை. மே மாதத்தில் வருபவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், கூட்டமில்லாத ஏப்ரலைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஒட்டாவாவில் எத்தனை ஆறுகள் உள்ளன? வசந்தத்தின் தொடக்கத்தில் ஆற்றங்கரையில் எங்கெங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.
*பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர், தஞ்சாவூர்*

பதில்: காவிரிக்கரைக்காரர் கேட்கும் கேள்வி, ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன். ஒட்டாவா ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடி, ஒன்டாரியோ, கியூபெக் என்ற இரு மாகாணங்களுக்கும் எல்லையாக நின்று, மான்ட்ரியல் அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கலக்கிறது. அதன் நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். தெற்கிலிருந்து வரும் ரிடோ ஆறும் வடக்கிலிருந்து வரும் கேட்டினோ ஆறும் தலைநகரப் பகுதியில் அதனுடன் சேர்கின்றன. நமக்கு ஆடிப்பெருக்கைத் தருவது மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை. அங்கே பெருக்கைத் தருவது நான்கைந்து மாதங்களாகக் காட்டிலும் வயலிலும் சேர்ந்து கிடந்த பனி. அது உருகும்போது, மழையே பெய்யாத தெளிந்த வெயில் நாளில்கூட ஆறு ஏறிக்கொண்டிருக்கும். ஒட்டாவா ஆற்றில் இந்தப் பெருக்கு பெரும்பாலும் இருமுறை வரும்: தெற்குக் கிளையாறுகளின் நீர் ஏப்ரலிலும், வடக்கே காடுகளிலுள்ள பனி உருகிய நீர் அதற்குச் சில வாரங்கள் கழித்தும் நகரை வந்தடையும்.

முதலில் ரிடோ அருவிக்குச் செல்லுங்கள். சசெக்ஸ் சாலையில், நாடாளுமன்றத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. 'ரிடோ' என்றால் பிரெஞ்சு மொழியில் திரை. ரிடோ ஆறு ஒட்டாவா ஆற்றில் விழும் இடத்தில், நடுவே ஒரு தீவு நிற்பதால் இரண்டு திரைகளாகப் பிரிந்து விழுகிறது. குளிர்காலத்தில் அந்தத் திரைகளின் மேல் பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருக்கும். மார்ச் கடைசியில் கட்டிக்குப் பின்னால் நீர் ஓடும் ஓசை முதலில் கேட்கும், பிறகுதான் நீர் கண்ணில் படும்.

இங்கே ஒரு செய்தி உங்கள் துறைக்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். ரிடோ ஆற்றின் பனிக்கட்டி தானாக உடையட்டும் என்று நகராட்சி விட்டுவிடுவதில்லை. விட்டால் உடைந்த பாளங்கள் முகத்துவாரத்தருகே ஒன்றின்மேல் ஒன்று ஏறி அணைபோல அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் நீர் தாழ்வான குடியிருப்புகளுக்குள் ஏறும். அதனால் நூறாண்டுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலக் கடைசியில் பனிக்கட்டியை நீளவாக்கில் அறுத்து வாய்க்கால் விட்டு, பிறகு அருவிப் பக்கத்திலிருந்து வெடிவைத்து உடைத்துக்கொண்டே மேலேறுகிறார்கள். நீரிலும் கரையிலும் இயங்கும் மண்வாரி இயந்திரங்கள் பாளங்களைத் தள்ளிவிடுகின்றன. மார்ச் மாதத்தில் சென்றால் இந்த வேலை நடப்பதையே காணும் வாய்ப்பு உண்டு. பாலத்தின் மேல் நின்று பாருங்கள். அந்த நாட்களில் பனிக்கட்டியின் மேல் கால் வைக்கவே கூடாது.

இரண்டாவது, ஷோடியர் அருவி. நகர மையத்துக்குச் சற்று மேற்கே, ஒட்டாவா ஆற்றின் குறுக்கே உள்ளது. 'ஷோடியர்' என்றால் கொப்பரை. கொதிக்கும் கொப்பரையைப்போல் நீர் சுழன்றதால் வந்த பெயர். இந்த நிலத்தின் தொல்குடிகளான அல்கோன்கின் மக்களுக்கு இது புனிதமான இடம். 1613இல் இவ்வழியே சென்ற பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன், அவர்கள் புகையிலையைக் காணிக்கையாக இந்த நீரில் இட்டு வணங்கியதைக் குறித்துவைத்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருவியைச் சுற்றி வளையமாக அணை கட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே கோடையில் வருபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பாறையைத்தான். பெருக்குக் காலத்தில் மதகுகளைத் திறந்தாக வேண்டியிருப்பதால், பழைய கொப்பரை சில வாரங்களுக்குத் திரும்பக் கொதிக்கிறது. 2017இல் திறக்கப்பட்ட பார்வை மேடையிலிருந்து பார்க்கையில் காலடித் தளம் அதிர்வதை உணரலாம். என் கருத்தில், ஏப்ரல் பயணத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

இந்தப் பெருக்கை நம்பித்தான் நகரமே வளர்ந்தது. குளிர்காலத்தில் வெட்டிய பைன் மரங்களை வசந்த வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கொண்டுசெல்வது இவ்வாற்றின் பெரிய தொழிலாக இருந்தது. 1806இல் பிலமன் ரைட் என்பவர் முதல் மரத்தெப்பத்தை இங்கிருந்து கியூபெக் நகரம் வரை ஓட்டிச் சென்றார்.

மூன்றாவது, தெற்கே ரிடோ ஆற்றின்மேல் உள்ள ஹாக்ஸ் பேக் அருவி. ரிடோ கால்வாயைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் லெப்டினன்ட் கர்னல் ஜான் பை, இங்கே ஒரு கல்லணை எழுப்ப முயன்று 1828இலும் 1829 ஏப்ரலிலும் வெள்ளத்திடம் தோற்றார். அணை உடைந்து போனது. பிறகு மரச்சட்டங்களால் கூண்டு கட்டிக் கல்லை நிரப்பித்தான் நிறுத்த முடிந்தது. ஏப்ரல் மாதத்தில் அந்த நீரைப் பார்த்தால் அணை ஏன் உடைந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பெருக்கு எல்லை மீறும் ஆண்டுகளும் உண்டு. 2017இல் பெருவெள்ளம் வந்தது. 2019 ஏப்ரலில் அதையும் மிஞ்சி வந்தபோது நகரம் அவசரநிலையை அறிவித்தது. ஷோடியர் பாலம் மூடப்பட்டது. ஆற்றை ஒட்டிய நடைபாதைகள் பல ஏப்ரலில் நீருக்குள் இருக்கலாம். தடுப்புக் கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கால்வாய் உறைந்து அதன்மேல் ஊரே சறுக்கி விளையாடுவதைக் காணொளியில் பார்த்தோம். ஏப்ரலில் என் பேரப்பிள்ளைகளுக்கு அது கிடைக்குமா?
*வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்*

பதில்: கிடைக்காது. 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சறுக்குத் தடம் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ மூடப்பட்டுவிடும். 2022-23 குளிர்காலத்தில் போதிய தடிப்பில் பனிக்கட்டி உருவாகாததால் ஒருநாள்கூடத் திறக்கவில்லை. அதன் வரலாற்றில் அதுவே முதல்முறை. படகுகளோ மே மாத நடுவில்தான் ஓடத் தொடங்கும். இடைப்பட்ட ஏப்ரலில் கால்வாய், தூர்வாரக் காத்திருக்கும் குளத்தைப்போல, அடியில் சேறும் ஒரு சாண் தண்ணீருமாகக் கிடக்கும்.

ஆயினும் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், கால்வாய் ஒட்டாவா ஆற்றுக்குள் இறங்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படகைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் எட்டு மதகுத் தொட்டிகள் படிக்கட்டுபோல அமைந்திருக்கின்றன. மொத்த உயரம் 24 மீட்டர். 1832இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த 202 கிலோமீட்டர் கால்வாய் 2007இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான் கதவுகளின் கட்டுமானத்தையும் கையால் செதுக்கிய கற்களையும் நன்றாகப் பார்க்க முடிகிறது. அந்தக் கற்களுக்காக ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலரைக் கொன்றது அக்குளிர் நாட்டின் கோடைக் கொசு பரப்பிய மலேரியா என்றால் நம்மூரில் யாரும் எளிதில் நம்புவதில்லை.

கேள்வி: எங்கள் இருவருக்கும் எழுபது வயதை நெருங்குகிறது, என் கணவருக்கு மூட்டுவலி உண்டு. ஏப்ரல் மாதம்தானே என்று மகன் ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிறான். அவன் சொல்லை நம்பலாமா?
*வாசகி ஒருவர், திருச்சி*

பதில்: அங்கே சில ஆண்டுகள் இருந்த பிள்ளைகளுக்குப் பத்து டிகிரி என்பது கோடை; அரைச்சட்டையோடு வெளியே போவார்கள். நீங்கள் மகன் சொன்ன ஸ்வெட்டரை வாங்கி அணிந்துகொண்டு, அதன்மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே கனமான உடையைவிட மெல்லிய உடைகளை அடுக்காக அணிவது நல்லது. கட்டடங்களுக்குள்ளே சூடாக இருக்கும். உள்ளே கழற்றவும் வெளியே மாட்டவும் எளிதாயிருக்க வேண்டும். காதை மூடும் குல்லாயும் கையுறையும் ஏப்ரல் கடைசிவரை பையில் இருக்கட்டும்.

உடையைவிடச் செருப்புதான் முக்கியம். பகலில் உருகிய நீர் நடைபாதையில் வழிந்து, இரவில் மெல்லிய கண்ணாடிபோல் உறைந்துவிடும். காலை வெளிச்சத்தில் அது ஈரத்தரையைப் போலவே தோன்றும். இப்படி ஒரு காலையில், வெயிலைப் பார்த்து மகிழ்ந்து வழுவழுப்பான தோல் செருப்போடு வெளியே போன நான், வாசற்படியிலேயே விழுந்து பத்து நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் உள்ளே போகாத, அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகளுள்ள பூட்ஸை அங்கே போய் வாங்குவதே நல்லது. குளிர்காலம் முடியும் வேளையில் கடைகளில் விலையைக் குறைத்து விற்பார்கள். நடைப்பயணத்தை முற்பகல் பத்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிவிடுவதால், மார்ச் கடைசியில் மாலை ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டியதில்லை.

கேட்டினோ பூங்காவின் காட்டுப் பாதைகளை இம்முறை மறந்துவிடுங்கள். பனி உருகி மண் இளகியிருக்கும் வாரங்களில் அவற்றை மூடிவைப்பார்கள். மூட்டுவலிக்காரருக்கு அந்தச் சேறு ஆகவும் ஆகாது.

கேள்வி: மேப்பிள் மரத்திலிருந்து பாகு எடுப்பதை நேரில் பார்க்க முடியுமா? எந்த மாதத்தில் எடுக்கிறார்கள்?
*கல்லூரி மாணவி ஒருவர், நாகர்கோவில்*

பதில்: நீங்கள் குமரி மாவட்டத்தவர் என்பதால் இதைச் சொல்வது எளிது: பனைக்குப் பதநீர்க் காலம் எப்படியோ, சர்க்கரை மேப்பிளுக்கு மார்ச்சும் ஏப்ரல் முற்பகுதியும் அப்படி. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே உறைந்து, பகலில் அதற்கு மேலே இளகும் நாட்களில்தான் மரத்துக்குள் அழுத்தம் ஏறி இறங்கிச் சாறு வடிகிறது. அடிமரத்தில் சிறு துளையிட்டுக் குழாய் செருகி வாளியையோ பிளாஸ்டிக் குழாய் வலையையோ இணைத்துவிடுகிறார்கள். வடிவது பார்வைக்குத் தண்ணீரேதான். நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். மொட்டுகள் விரியத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுவிடுவதால் காய்ச்சுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒட்டாவாவுக்கு மேற்கே லானார்க் கவுன்டியிலும், ஆற்றைத் தாண்டிக் கியூபெக் பக்கத்திலும் காய்ச்சும் கொட்டகைகள் பல உள்ளன. கொட்டகைக் கூரையின் திறப்பிலிருந்து வெள்ளை ஆவி எழுவதைத் தொலைவிலேயே பார்க்கலாம். உள்ளே நுழைந்தால் கருப்பட்டி காய்ச்சும் வீட்டின் நினைவு வராமல் போகாது. கம்பிப் பதத்தைத் தாண்டிக் காய்ச்சிய சூடான பாகைத் தூய பனியின்மேல் ஊற்றி, அது மிட்டாய்போல் இறுகியதும் குச்சியில் சுருட்டிக் கொடுப்பார்கள். வார இறுதியில் கூட்டம் அதிகம். வார நாளில் போங்கள். பேருந்து வசதி இல்லாததால் கார் வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
*வாசகர் ஒருவர், சென்னை*

பதில்: நகரத்தில் இந்திய, இலங்கை உணவகங்களும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன, பட்டினி கிடக்க மாட்டீர்கள். உள்ளூர் உணவில் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. மேலே சொன்ன கொட்டகைகளில் பரிமாறும் அவரைப் பருப்பில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு சேரும். உருளைக்கிழங்கு வறுவலின்மேல் பாலாடைக்கட்டியைத் தூவிக் குழம்பு ஊற்றித் தரும் பூட்டீனில், அந்தக் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. காளான் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பைவர்ட் சந்தைப் பகுதியில் பீவர் என்னும் நீர்விலங்கின் வாலைப்போல் தட்டையாகப் பொரித்து, பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவித் தரும் பலகாரத்தைப் பெயருக்கு அஞ்சாமல் சாப்பிடலாம். அதில் பீவர் இல்லை.

விலைப்பட்டியலில் வரி சேர்ந்திருக்காது. ஒன்டாரியோவில் 13 விழுக்காடும், பாலத்தைக் கடந்து கியூபெக் பக்கம் போனால் ஏறத்தாழ 15 விழுக்காடும் பில்லில் கூடும். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் அதற்கும் மேலே 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பு வைப்பது வழக்கம்.

கேள்வி: மழையோ பனியோ பெய்து வெளியே போக முடியாத நாட்களில் என்ன பார்க்கலாம்?
*வங்கி ஊழியர் ஒருவர், சேலம்*

பதில்: ஆற்றை விட்டு விலகாமலே கட்டடத்துக்குள் இருக்க வழி உண்டு. ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையில் கேட்டினோவில் உள்ள கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தின் பெருங்கூடத்தில், மேற்குக் கடற்கரைத் தொல்குடிகளின் உயர்ந்த மரத்தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு எதிரே முழுச் சுவரும் கண்ணாடியாக, ஆறும் அக்கரையில் நாடாளுமன்றமும் தெரியும். 1989இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தை வடிவமைத்தவர் டக்ளஸ் கார்டினல். வளைந்து நெளியும் அதன் சுவர்களில் நேர்க்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாளங்கள் மிதந்து செல்லும் நாளில் அந்தக் கண்ணாடியருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நான் வீண் என்று கருதுவதில்லை. இக்கரையில் மோஷே சாஃப்டி வடிவமைத்த தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. அதன் வாசலில் லூயிஸ் பூர்ஷ்வா செய்த மாபெரும் வெண்கலச் சிலந்தி நிற்கிறது.

நாடாளுமன்றத்தின் நடுக்கட்டடம் 2019 முதல் பெரும் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது; அமைதிக் கோபுரத்தில் ஏற முடியாது. மக்களவை மேற்குக் கட்டடத்திலும், மேலவை பழைய ரயில் நிலையக் கட்டடத்திலும் கூடுகின்றன. இரண்டையும் கட்டணமின்றிச் சுற்றிப் பார்க்கலாம். இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். புனித வெள்ளியும் ஈஸ்டர் ஞாயிறும் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் வரும். அந்த இரு நாட்களில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். பாலும் காய்கறியும் முதல் நாளே வாங்கிவைக்க வேண்டும்.

கேள்வி: விசா, காப்பீடு, பயண வழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லவும். திரும்பும்போது மேப்பிள் பாகு கொண்டுவரலாமா?
*வாசகர் ஒருவர், திருநெல்வேலி*

பதில்: இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பார்வையாளர் விசா கட்டாயம், கைரேகையும் படமும் தர வேண்டும். பொதுவாக ஒருமுறைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். பிள்ளை கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்றிருந்தால் பெற்றோர் 'சூப்பர் விசா' கேட்கலாம். அதற்கு ஒரு லட்சம் கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். சாதாரண விசாவில் காப்பீடு கட்டாயமில்லை என்றாலும் அது இல்லாமல் போகாதீர்கள். மாகாணத்தின் இலவச மருத்துவம் பார்வையாளர்களுக்குக் கிடையாது. வழுக்கி விழும் காலத்தில் போகிறீர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒட்டாவாவுக்கு இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ, டொராண்டோவிலோ, மான்ட்ரியலிலோ மாற வேண்டும். மான்ட்ரியலில் இறங்கினால் இரண்டு மணி நேர ரயில் பயணம். டொராண்டோவிலிருந்து நாலரை மணி நேரம் ஆகும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் இன்னொரு விமானத்துக்குக் காத்திருப்பதைவிட மான்ட்ரியல் ரயிலே உடம்புக்கு நல்லது. விமானத்திலேயே ஒட்டாவா சேர்பவர்களுக்கு, 2025 ஜனவரி முதல் விமான நிலையத்திலிருந்து நகர ரயில் இருக்கிறது.

மேப்பிள் பாகைத் தாராளமாகக் கொண்டுவரலாம். கண்ணாடிச் சீசாவை விடத் தகர டப்பாவில் வாங்குங்கள். அடைத்த டப்பா உடையாது. ஆனால் பாகும் திரவம்தான் என்பதால் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சரக்கில் அனுப்பும் பெட்டியில், அந்தப் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி வைத்துவிடுங்கள்.